கரு எவ்வளவு ஆழம் இறங்கலாம்?

கருவுற்ற ஆறாம், ஏழாம் நாள் வாக்கில், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத செல் உருண்டை ஒன்று தன் உறையிலிருந்து வெளிப்பட்டுக் கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மனிதக் கரு அதோடு நிற்பதில்லை. அடுத்த சில நாட்களில் சுவருக்குள் முழுவதுமாகப் புதைந்துவிடும். வழியை மறித்து நிற்பது கொலாஜன் இழைகள் பின்னிய திசு. அதை அறுக்கத்தான் நொதிகள்.

கருவின் வெளிப்புறச் செல்கள் சுரக்கும் நொதிகளில் எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் முக்கியமானவை. திசுவின் இழைகளை வெட்டும் இந்த எம்எம்பி நொதிக் குடும்பத்தில் முதல் நொதி கிடைத்த இடம் சுவாரசியமானது: தலைப்பிரட்டையின் வால். தவளையாக மாறும்போது அந்த வால் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் 1962இல் அதை வெளியிட்டார்கள்.

நொதியின் வெட்டும் பள்ளத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. சுரக்கும்போது நொதியின் ஒரு துண்டே அந்த அணுவை மூடியிருக்கும். துண்டு விலகினால்தான் வெட்டும் வேலை தொடங்கும். டிம்ப் எனப்படும் தடுப்பான் புரதம் அதே பள்ளத்தில் ஆப்புப் போலச் செருகிக்கொண்டு துத்தநாகத்தைப் பிடித்துவிடுகிறது. ஒரு நொதிக்கு ஒரு தடுப்பான். எஞ்சிய நொதிதான் திசுவை வெட்டும்.

தடுப்பானைக் கருப்பைத் திசு சுரக்கிறது. அதோடு விடுவதில்லை, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையை அனுப்பிக் கருவின் செல்களையும் தடுப்பான் சுரக்க வைக்கிறது. கருவை விருந்தாளியாகவும் கருப்பையை வெறும் மெத்தையாகவும் காட்டும் படங்களில் இந்தக் கெடுபிடி தெரிவதே இல்லை.

கருப்பையின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பன்றியே சாட்சி. பன்றிக் கரு கருப்பைச் சுவரைத் துளைப்பதில்லை, மேலே ஒட்டிக்கொள்வதோடு சரி. அதையே கருப்பைக்கு வெளியே வேறு திசுவில் வைத்துப் பார்த்தபோது துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஆற்றல் இல்லாமல் இல்லை, கருப்பை விடவில்லை.

மனிதர்களிடம் இந்தக் கட்டுப்பாடு தளரும் இடம் பெரும்பாலும் பழைய சிசேரியன் தழும்பு. அங்கே கருப்பையின் உட்படலம் சரியாக வளராததால் நஞ்சுக்கொடி தசை வரை ஊடுருவி, பிரசவத்தின்போது பிரிய மறுத்துக் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். நேர்மாறாக, ஊடுருவல் மேலோட்டமாக நின்றுபோனால் கருப்பையின் சுருள் தமனிகள் போதிய அளவு விரிவதில்லை. ப்ரீஎக்ளாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய் பலருக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அறிகுறி தெரிவதோ இருபதாம் வாரத்துக்குப் பிறகு.