அம்மாவின் தோழிக்கும் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வீடு தேடிச் சென்று அந்திமகாலப் பராமரிப்பு தரும் தாதி நான். புற்றுநோய் முற்றிய ஓர் அம்மாவைப் பார்க்கப் போனால் மருந்து, வலி, தூக்கம் எல்லாம் விசாரித்த பிறகு பிள்ளைகளிடம் இதையும் கேட்பேன்: "அம்மாவுக்கு ரொம்ப நெருக்கமான சிநேகிதி யாரு? அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"ஒரு ஆன்ட்டி இருக்காங்க மிஸ்ஸி. இன்னும் சொல்லலை. வந்தா அழுவாங்க, அம்மா மனசு விட்டுடுவாங்க" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் அந்த ஆன்ட்டிக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

நம் பெண்கள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் கணவரிடம் சொல்ல மாட்டார்கள், மகனிடம் சொல்லவே மாட்டார்கள். தேக்கா சந்தைக்குப் போகும் வழியில் தோழியிடம் மெல்லச் சொல்வார்கள். "வலிக்கலையே, கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தோல் குழிவிழுவது, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது இவையும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை உண்டு. சிங்கப்பூர்ப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான் என்பதால் 2002 முதலே தேசிய அளவில் மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 முதல் 69 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 40களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் தோழியும் நீங்களும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் பத்து முறை சொல்லியும் அசையாதவர்கள் தோழி கூப்பிட்டால் கிளம்பிவிடுகிறார்கள்.

ஈசூனில் ஒரு வீடு. அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வாசலிலேயே மகன் என்னை நிறுத்தி, "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்றார். உள்ளே, தோலுக்கடியில் மருந்து செல்லும் ஊசியை நான் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்: "எல்லாம் தெரியும் மிஸ்ஸி. புள்ளைங்க பாவம், அதுங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்கேன்." அப்புறம் ஒரு பெயரைச் சொல்லி, "அவளை ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்றார். மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்த தோழி. இருப்பது அடுத்த புளோக்கில்.

மகனிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அந்தத் தோழி வந்தார், அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிவிட்டார். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். வெட்டிக்கொண்டே எந்தச் சேலை, எந்த வளையல் யாருக்கு, மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். "வீட்டிலேயே இருக்கேன்" என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னது தோழிதான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லாரும் மனம்விட்டுப் பேசினார்கள்.

இந்தப் பேச்சை இவ்வளவு தள்ளிப்போடத் தேவையில்லை. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்ற ஏற்பாடு இங்கே இருக்கிறது. நம்மால் பேச முடியாமல் போனால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்து வைக்கலாம். நமக்காகப் பேச இரண்டு பேர்வரை நியமிக்கலாம். அவர்கள் ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, தோழியாகவும் இருக்கலாம். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் இல்லைதான். ஆனாலும் நமக்கு நினைவு தப்பும் நேரத்தில் மருத்துவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நம் விருப்பத்தைச் சொல்வது அதுதான். கூடவே இன்னொன்று: மத்திய சேமநிதிப் பணம் உயிலில் எழுதினால் போய்ச் சேராது. அதற்குத் தனியாக வாரிசு நியமனம் செய்ய வேண்டும்.

இறப்புக்குப் பிறகு தோழியை யாரும் நினைப்பதில்லை என்பது என்னை மிகவும் வருத்தும் விஷயம். துக்க விடுப்பைத் தரும்படி இங்கே சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நிறுவனங்கள் தாமாகத் தருவதும் பெரும்பாலும் பெற்றோர், துணை, பிள்ளை போன்ற நெருங்கிய உறவுகளுக்குத்தான். நாளிதழில் வரும் கண்ணீர் அஞ்சலியில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கும். முப்பது வருடம் கூடவே இருந்தவள் பெயர் இருக்காது. "கட்டின்னு சொன்ன அன்னைக்கே இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்" என்று அவள் மட்டும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பாள். அந்தப் பழியை அவள் சுமக்க வேண்டியதில்லை. மாதக் கணக்கில் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஈசூன் வீட்டு மகள் இதில் கெட்டிக்காரி. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே ஆன்ட்டியை அழைத்து, படையலுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். "உங்கம்மாவுக்கு ஆட்டுக்கால் சூப்னா உசிரு. சம்பள நாளானா தேக்காவுல ரெண்டு பேரும் குடிப்போம்" என்றாராம் ஆன்ட்டி. அம்மாவுக்கு ஆட்டுக்கறியே ஆகாது என்றுதான் பிள்ளைகள் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்கள். அந்த மகளுக்கு இப்போது வயது 42. அடுத்த வாரமே ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போய், அம்மாவுக்கு இருந்த நோயைச் சொல்லி, இரண்டு பேருக்கும் மேமோகிராமுக்கு நாள் வாங்கிவிட்டார்.