உற்சவர் இறங்குவார், ஓசோன் இறங்காது

இந்த மார்கழியில் வாட்ஸ்அப்பை நம்பி மூச்சுத் திணறி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து மகன் பைக்கில் கூட்டி வந்தார். அறுபதைத் தொட்ட அம்மா. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, ஒரு வரியை மூன்றாக உடைத்துப் பேசினார். மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னேன். முள் 150-ஐத் தாண்டவில்லை. ஐப்பசியில் 270 ஊதியவர்.

“இன்ஹேலர் எடுக்குறீங்களாம்மா?”

“நிறுத்திட்டேன் டாக்டர். நாலரைக்கே எழுந்து வாசத் தெளிச்சு கோலம் போடுறேன். அந்த நேரத்துல ஓசோன் கீழ எறங்குமாமே, நெஞ்சுக்கு நல்லதாமே...”

மகனின் போனில் அந்த வாட்ஸ்அப் பார்வர்டு பத்திரமாக இருந்தது.

ஓசோன் படலம் இருப்பது சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். மார்கழி வந்ததும் வீதியுலாவுக்கு இறங்கி வர அது உற்சவர் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதே, அதனால் நல்லதுதானே என்கிறார்கள். கூரையில் இருக்கும் ஓடு வெயிலைத் தடுக்கும். அதற்காக ஓட்டைப் பொடித்துத் தின்போமா? மூச்சில் போனால் ஓசோன் மூச்சுக்குழாய்களைப் புண்ணாக்கும் வாயு. அதுவும் விடியற்காலையில் தரைமட்டத்தில் அது இருப்பதே சொற்பம். வெயில் ஏற ஏற உருவாகி, பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். அந்த அம்மாவுக்கு விடியலில் கிடைத்தது பனியும், பக்கத்துக் குப்பைமேட்டுப் புகையும் மட்டுமே.

தரைமட்ட ஓசோனை எந்த வண்டியும் நேராகக் கக்குவதில்லை. எஞ்சின் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் கலந்தால் பிறக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்து வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் இதை 1950-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கரிமத்துக்கு ஆங்கிலத்தில் ஆர்கானிக் என்றதும் ஆர்கானிக் கடை ஞாபகம் வர வேண்டாம். பெட்ரோல் பங்கில் மூக்கில் ஏறும் வாடை, பைபாஸ் ஓரப் பட்டறையில் தின்னர் கலந்து அடிக்கும் பெயின்ட், அறுவடை இயந்திரம் போன பிறகு வயலில் கொளுத்தும் வைக்கோல், எல்லாம் இந்த வகைதான். (மரங்களும் இவற்றை விடும். அதற்காகத் தென்னையை வெட்டக் கிளம்பாதீர்கள். குற்றவாளி எஞ்சின் புகை.)

“நாங்க கிராமத்துல இருக்கோம் டாக்டர், நல்ல காத்து” என்பவர்களுக்கும் ஒன்று: காற்று நகரத்திலிருந்து இவற்றைத் தள்ளிக்கொண்டு வரும் வழியிலேயே ஓசோன் உருவாகும். நகரத்தைவிட வயல்வெளியில் அதிகமாகப் பதிவாவதும் உண்டு. இலைத் துளை வழியே புகுந்து நெல், பயறு விளைச்சலையும் அது குறைக்கும்.

காற்றில் ஓசோனுக்கு நம் நாட்டு வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அளந்து பார்க்க வீட்டில் கருவி இருக்காது, ஆகவே வெயிலைப் பாருங்கள். மாசி முதல் சித்திரை வரை, ஆஸ்துமா உள்ளவர்கள் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை வெளியே ஓடியாட வேண்டாம். விளையாட்டு ஆசிரியர்களே, அந்த நேரத்தில் பிள்ளைகளை மைதானம் சுற்ற விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். துணி முகக்கவசம் ஓசோனைத் தடுக்காது, அது வாயு. தின்னர் டப்பாவைத் திறந்து போடாதீர்கள். வைக்கோலை மாட்டுக்குக் கொடுங்கள், கட்டு கட்டி விற்றுவிடுங்கள், கொளுத்த வேண்டாம். இன்ஹேலரை என்னைக் கேட்காமல் நிறுத்தினால் திட்டுவேன்.

நெபுலைசர் வைத்து அரை மணியில் அம்மா 220 ஊதினார். கோலத்தை ஏழு மணிக்குப் போடச் சொன்னேன், பனிக்கு மூக்கை மூடித் துண்டு கட்டிக்கொண்டு. எழுந்து போன மகன் வாசலில் நின்று திரும்பினார்.

“டாக்டர், வீட்டுக்குள்ளயே ஓசோன் விடுற மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்கேன்...”

கேன்சல் செய்யச் சொல்லி, என் முன்னாலேயே அந்தப் பொத்தானை அழுத்த வைத்துத்தான் அனுப்பினேன்.