பாலாற்று மணலில் புதையாத வண்டி

வேலூர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மணல்தான். 2021 நவம்பரில் வந்ததுபோன்ற வெள்ளத்தை விட்டுவிட்டால், வருடத்தின் பெரும்பகுதி அது வறண்டு கிடக்கிறது. அந்த மணலில் இன்றைய கனத்த எஸ்யூவி ஒன்றை இறக்கினால், 150 குதிரைத்திறன் இருந்தும் சில மீட்டரிலேயே பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட நல்ல வாய்ப்பு உண்டு. 1940களின் வில்லிஸ் ஜீப்புக்கு இருப்பது அறுபதே குதிரைத்திறன். இன்று நாம் சின்ன கார் என்று சொல்வதற்கே அதைவிட அதிகம். ஆனால் ஜீப் நடை வேகத்தில் ஊர்ந்து அக்கரை சேர்ந்துவிடும்.

கம்மவான்பேட்டை பக்கம், ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அப்படியொரு ஜீப்பைத் துரு சுரண்டி, தகரம் ஒட்டுப்போட்டு, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று பேர் வாங்கிய ஊர் என்பதால் அங்கே இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மணலில் எப்படி ஓட்டுவது என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: “தம்பி, மணல்ல ஆக்சிலேட்டர மிதிச்சா குழி தோண்டுறதுதான் மிச்சம். வண்டி அதுபாட்டுக்குப் போகும், நீ சும்மா ஸ்டியரிங்க புடிச்சிக்க.”

அந்த ‘அதுபாட்டுக்கு’ என்பதில் நிறைய கணக்கு இருக்கிறது.

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு வண்டி கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், 300 கிலோ சுமக்க வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது. முதல் மாதிரி 49 நாளில் வந்து சேர வேண்டும். பதில் போட்டவை இரண்டே நிறுவனங்கள்: அமெரிக்கன் பாண்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட். பாண்டத்துக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் வரைபடம் போட்டுக் கொடுக்க, செப்டம்பர் 23 அன்று கெடு முடிவதற்குள் வண்டி மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபோர்டு பின்னால்தான் போட்டிக்குள் வந்தது.

590 கிலோ என்பது நடக்காத காரியம் என்று எல்லாருக்கும் சீக்கிரமே புரிந்தது. வரம்பு 980 கிலோவாக உயர்ந்தது. வில்லிஸுக்கு அதுவும் போதவில்லை. அவர்களிடம் இருந்த 2.2 லிட்டர் இன்ஜின் மற்ற இருவருடையதைவிடக் கணிசமாகப் பலமானது, கனமும் கூட. தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் இன்ஜினை விட்டுக்கொடுக்காமல் மற்ற எல்லாவற்றையும் இளைக்க வைத்தார். போல்ட்டுகளின் நீளத்தைக்கூட வெட்டினார்கள், பெயிண்ட் கோட்டைக் குறைத்தார்கள் என்று சொல்வார்கள். கடைசியில் உற்பத்திக்குப் போன எம்.பி. மாடல், பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பினால் 1,100 கிலோ அளவில் நின்றது. வில்லிஸும், அதே வண்டியை ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரில் செய்த ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ எழுத்தைப் பதித்தது. இன்றும் பழைய ஜீப் வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து தேடுவது அந்த எழுத்தைத்தான்.

சரி, அறுபது குதிரைத்திறன் எப்படிப் போதுகிறது? பல்சக்கரங்களின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். முதல் கியரில் இன்ஜின் 2.67 முறை சுற்றினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒருமுறை சுற்றும். அதற்குப் பின்னால், விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ‘லோ’ போட்டால் இன்னொரு 1.97 மடங்கு குறையும். அச்சில் இருக்கும் கிரௌன், பினியன் பற்களில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25.7. இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது சக்கரம் 39 சுற்றுதான் சுற்றும். டயரின் சுற்றளவு 2.28 மீட்டர் அளவு இருப்பதால், மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர். மனிதன் வேகமாக நடக்கும் வேகம் அது.

வேகம் குறையும் அளவுக்கு முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், கூடும். இன்ஜின் தரும் உச்சம் 142 நியூட்டன் மீட்டர். உராய்வில் போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், சக்கரங்களில் அது 3,600ஐத் தாண்டுகிறது. டயரின் ஆரத்தால் வகுத்தால் வண்டியின் சொந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான இழுவிசை. இதற்குமேல் இன்ஜினில் பலம் சேர்த்தாலும் இந்த கியரில் டயர் வழுக்கத்தான் செய்யும்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு குச்சிகள் உண்டு. ஒன்று முன் அச்சை இணைக்கும், மற்றது ஹையா லோவா என்று தீர்மானிக்கும். முன் அச்சை இணைக்காமல் லோ விழாதபடி உள்ளேயே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அத்தனை முறுக்கும் பின் அச்சு ஒன்றின் தலையில் விழுந்தால் அது தாங்காது.

இந்த அமைப்பில் ஒரு பெரிய நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில், அதாவது அதிகத் தூரம் போகின்றன. இன்றைய பல ஆல் வீல் டிரைவ் கார்களில் இந்த வித்தியாசத்தை நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, சரிசெய்யும். ஜீப்பில் அது கிடையாது. ஃபோர் வீல் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் கட்டுண்டு சுற்றும். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்கிறது. காட்பாடி தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறி, பற்கள் ஒன்றையொன்று இறுக்கி, குச்சியை எத்தனை இழுத்தாலும் வராது. அப்போது சம்மட்டியைத் தேட வேண்டாம். வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுப்போகும்.

ஒவ்வொரு அச்சுக்குள்ளும் டிஃபரன்ஷியல் உண்டு, அதுதான் இந்த வண்டியின் பலவீனமும். அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கைத்தான் தரும். மணல் அள்ளிய குழியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுற்ற ஏறக்குறைய எந்த விசையும் தேவையில்லை. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் தொங்கினால் ஃபோர் வீல் ஜீப்பும் நின்றுவிடும். இதே காரணத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. எம்.பி. ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தண்டில் இருக்கிறது. பஞ்சர் பார்க்க ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் முன்னே உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். சக்கரத்துக்கு முட்டுக்கல் கட்டாயம்.

முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டு தண்டுகளை மடங்கும்படி இணைக்கும் சாதாரண யூ ஜாயிண்ட் 30 டிகிரி மடங்கினால், ஒரே சீராகச் சுற்றும் தண்டின் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறக்குறைய 15 சதவீதம் வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங் கையில் உதறும். அதைத் தவிர்க்கத்தான் சீரான வேகம் தரும் ஜாயிண்டுகள் வேண்டியிருந்தன. ஆல்ஃபிரட் செப்பா 1920களில் காப்புரிமை பெற்ற, எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும் ஜாயிண்ட் அவற்றில் ஒன்று. இன்று முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் சக்கரப் பக்கம் இருப்பது அதன் வாரிசுதான்.

இனி மணல். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், சற்றேறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே. 30 பவுண்டிலிருந்து 15க்கு இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை ஊன்றுவதற்கும் உள்ளங்கையை விரித்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுகிறது. இரண்டு டன் வண்டியிலும் காற்றை இறக்கலாம். ஆனால் அவ்வளவு எடைக்கு டயர் சப்பையாகி ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. இலகுவான வண்டிக்குத்தான் இதில் தாராளமாக விளையாட இடமிருக்கிறது. மணலை விட்டு ஏறியதும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் டயர் சூடேறிக் கிழியும்.

எடைக்காக இப்படி மெனக்கெட்டது அமெரிக்கர்கள் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1960களின் கடைசியில் லேண்ட் ரோவரை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்குவதற்காக, கதவு, மேல்பாகம் எல்லாம் கழற்றிவிடக்கூடிய ‘லைட்வெயிட்’ ஒன்றைச் செய்ய வைத்தது.

நம் ஊருக்கு ஜீப் போரின் மிச்சமாகவும் மஹிந்திரா வழியாகவும் வந்தது. 1949இல் பம்பாயின் மஸ்காவ் பகுதியில் பாகங்களை இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு வந்த சி.ஜே. 3பி மாடலில், உள்ளிழுக்கும் வால்வுகள் இன்ஜினின் தலைக்கு மேலே போனதால் இன்ஜின் உயர்ந்தது, பானட்டும் உயர்ந்தது. அதனால்தான் அதற்கு முந்தையதை நம் ஆட்கள் ‘லோ பானட்’ என்கிறார்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நம் ராணுவ வீரர் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகளை அடித்தது ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. துப்பாக்கியால். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பி.டி.ஓ. ஜீப்பைத் துரத்திக்கொண்டு ஓடாத சிறுவர்கள் குறைவு.

மீட்டெடுக்கிறவர்களுக்கு வேலூர் வெயில் தனிப் பிரச்சினை. வில்லிஸின் பழைய இன்ஜினில் வால்வுகள் தலையில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருப்பதால், சூடான புகை பிளாக்கின் ஊடாகவே வெளியேறுகிறது. பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து, சித்திரை மதியத்தில் வண்டி நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். குழாயைத் தள்ளிப் போட்டு, சூடு தடுக்க ஒரு தகடு வைப்பது நல்லது. இப்போது பம்பில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கெட்டையும் அரித்துவிடும். அவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதே முதல் வேலை. வண்ணம் எல்லாம் அப்புறம்.

டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப்புகள் இங்கே ஏராளம். மைலேஜுக்காக அன்று செய்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கனத்த டீசலை முன்னால் ஏற்றியதும் மூக்கு கனத்து, மணலில் முன்சக்கரம் முதலில் இறங்குகிறது. பார்னி ரூஸ் போல்ட் போல்ட்டாகக் குறைத்த எடை ஒரே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை ‘விஏ’ எழுத்து கொண்ட எண்ணில் வின்டேஜாகப் பதிவு செய்ய, சேஸிஸோ பாடியோ இன்ஜினோ பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது.