அஃபான்டேசியா: மனக்காட்சியின்மை

கதை படிக்கும்போது அதில் வரும் ஆளின் முகமும், அவர் அமர்ந்திருக்கும் திண்ணையும், முற்றத்தில் விழும் வெயிலும் தம் மனக்கண்ணில் தாமாகவே எழுவதாகப் பலரும் சொல்வர். அவ்வாறு எதுவுமே எழாத வாசகர்களும் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பெற்ற தாயின் முகத்தை நினைத்தாலும் அவர்களுக்கு உருவம் வருவதில்லை. தாயைப் பற்றிய நினைவும் அன்பும் குறைவின்றி இருக்கும். முகம் எப்படிப்பட்டது என்று சொல்லவும் முடியும். காட்சி மட்டும் தோன்றாது. இந்த இயல்பின் பெயரே அஃபான்டேசியா. இது நோயைக் குறிக்கும் சொல் அன்று, மனத்துக்கு மனம் உள்ள வேறுபாடு ஒன்றைக் குறிக்கும் சொல்.

இயல்பு பழையது, சொல் புதியது. 1880இல் ஆங்கிலேய அறிவியலறிஞர் பிரான்சிஸ் கால்டன் தமக்குத் தெரிந்தவர்களிடம் அன்று காலை உணவு உண்ட மேசையை நினைவில் கொண்டுவரச் சொல்லி, அது எவ்வளவு ஒளியுடனும் தெளிவுடனும் நிறத்துடனும் தெரிகிறது என்று வினவினார். உருவம் எதுவும் தெரியவில்லை என்று சிலர் விடை தந்தனர். ‘மனத்தில் காண்பது’ என்பதைப் பிறர் வெறும் உவமையாகச் சொல்வதாகவே அவர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இவர்களைக் குறிக்கத் தனிப்பெயர் இல்லை. இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்து நரம்பியலறிஞர் ஆடம் ஸீமன், இதய இரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் மனத்தில் உருவங்களைக் காணும் திறனை இழந்த ஒருவரைப் பற்றி 2010இல் பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதினார். அச்செய்தி ஓர் அறிவியல் இதழின் வழியே பரவியபோது, பிறந்தது முதலே தாங்கள் அப்படித்தான் இருக்கிறோம் என்று பலர் அவருக்கு எழுதினர். அவர்களுள் 21 பேரைப் பற்றி 2015இல் வெளிவந்த கட்டுரையில்தான் அஃபான்டேசியா என்னும் சொல் முதன்முதலாக அமைந்தது.

ஃபான்டேசியா என்பது கிரேக்கச் சொல். தோன்றச் செய்தல், காட்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. ஒளியின்றிக் காட்சி இல்லை என்பதால், ஒளியைக் குறிக்கும் ‘ஃபாஓஸ்’ என்னும் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது என்று ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் அரிஸ்டாட்டில் எழுதுகிறார். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மை குறித்தது. நீதி, அநீதி ஆகிய வடசொற்களில் நாம் காணும் எதிர்மறை முன்னொட்டும் இதுவும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஆகவே சொல்லின் நேர்ப்பொருள் ‘உள்ளே காட்சி தோன்றாமை’ என்பதாகும்.

இங்கேதான் தமிழாக்கம் வழி தவறுகிறது. அதே கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றலான ‘ஃபேன்டசி’ இன்று மாயக்கதை, கற்பனைக்கதை என்னும் பொருளில் நம்மிடையே பழகிவிட்டது. அதனைக் கொண்டு அஃபான்டேசியாவைக் ‘கற்பனையின்மை’ என்று பெயர்த்தால் பொருள் முற்றிலும் பிறழ்கிறது. கற்பனை என்பது வடமொழியின் ‘கல்பனா’. அமைத்தல், ஆக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் புனைதல் என்பது அதற்கு நெருங்கிய சொல். இல்லாத ஒன்றை எண்ணி அமைப்பதற்கு அதனை மனத்தில் படமாகக் கண்டாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பிக்சார் என்னும் அசைவூட்டத் திரைப்பட நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான எட் கேட்மல் தமக்கு மனத்தில் உருவம் எழுவதில்லை என்று வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஏரியல் என்னும் கடற்கன்னியை வரைந்த அசைவூட்ட ஓவியர் கிளென் கீனும் அத்தகையவரே. இவர்களைக் கற்பனை இல்லாதவர் என்று சொல்லும் ஒரு சொல்லை நாம் ஏற்க முடியாது.

படிக்கும் அனுபவத்தில் இதனால் வேறுபாடே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனையில், அச்சமூட்டும் சிறு கதைகளை இருட்டறையில் திரையில் படிக்கச் செய்து, படிப்பவரின் தோலில் மின்கடத்தல் மாறுவதை அளந்தனர். அச்சத்தில் வியர்வை சிறிதே சுரந்தாலும் அந்த அளவு உயரும். உருவம் காண்பவர்களுக்குக் கதை வளர வளர அளவும் வளர்ந்தது. காணாதவர்களுக்கு ஏறத்தாழ அசையாமல் இருந்தது. ஆனால் அச்சமூட்டும் படங்களை நேரில் காட்டியபோது இரு சாராரின் உடலும் ஒரே வகையில் பதிலளித்தன. சொல்லிலிருந்து அச்சத்துக்குச் செல்லும் பாதைகளுள் காட்சி வழியாகச் செல்வது ஒன்று என்பதையும், அந்தப் பாதை சிலருக்கு இல்லை என்பதையும் இது காட்டுகிறது. கதை அவர்களுக்கு விளங்கவில்லை என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. உரையாடலின் கூர்மை, பாத்திரங்களின் உள்நோக்கம், நடையின் ஓசை ஆகியவற்றின் வழியே அவர்கள் கதைக்குள் செல்கிறார்கள். இயற்கை வருணனைப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடுவதாக அவர்களுள் பலர் கூறுவதும் இதனோடு பொருந்துகிறது.

சரியான தமிழ்ச்சொல்லைத் தேடும்போது நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கலைச்சொல்லைக் கருதாமல் இருக்க முடியாது. அது உருவெளிப்பாடு. பிரிந்திருக்கும் தலைவனுக்குத் தலைவியின் உருவம் எதிரே வெளிப்படுவதாகத் தோன்றுவதை, அகப்பொருள் பாடும் கோவை என்னும் வகை நூல்கள் இப்பெயரால் குறிக்கின்றன. இதன் மிக வியப்பான வடிவம் கம்பராமாயணத்து ஆரணிய காண்டத்தில் இருக்கிறது. இராவணன் சீதையைப் பார்த்ததே இல்லை; சூர்ப்பணகை சொன்ன வருணனையை மட்டுமே கேட்டிருக்கிறான். அச்சொற்களைக் கொண்டே அவன் கண்முன் ஒரு பெண்ணுரு எழ, நீ சொன்னவள் இவள்தானா என்று தங்கையை அழைத்துக் கேட்கிறான். அவளோ தன் வேட்கையால் அங்கே இராமனைக் கண்டு, வந்திருப்பவன் அவனே என்கிறாள். சொல்லைக் கேட்டு ஒருவன் உருவம் அமைப்பதையும், ஒருவர் காணும் உரு மற்றவருக்குப் புலப்படாததையும் ஒரே காட்சியில் வைத்த கம்பரின் நுட்பத்துக்கு ஈடாக ஒன்றை நான் அறியேன்.

எனினும் இச்சொல் நமக்கு இங்கே பொருந்தாது. உருவெளி என்பது வேட்கை மிகுதியால், விரும்பாமலே, வெளியில் இருப்பது போலத் தெரிவது, மயக்கத்தோடு உறவுடையது. வாசகர் காண்பதோ உள்ளே தெரிவது, உள்ளேதான் இருக்கிறது என்று அவரே அறிந்தது. திறனாய்வில் வழங்கும் ‘படிமம்’ கவிஞர் சொல்லில் செய்து வைக்கும் உருவத்துக்கு உரியதாகிவிட்டது. ‘பிம்பம்’ கண்ணாடியையும் புகழையும் நினைவூட்டுகிறது. மனக்கண் என்பதோ எல்லாத் தமிழருக்கும் தெரிந்த வழக்கு. அந்தக் கண் காண்பது மனக்காட்சி. அது இல்லாத நிலை மனக்காட்சியின்மை. ‘குறைபாடு’ என்னும் சொல்லைச் சேர்ப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். ‘இன்மை’ ஒன்று இல்லை என்று மட்டும் சொல்லும். ‘குறைபாடு’ இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிடும்.

இதன் எதிர்முனையில், நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவுடன் உருவங்கள் எழும் இயல்பு உண்டு. ஹைப்பர்ஃபான்டேசியா எனப்படும் அதனை மிகை மனக்காட்சி எனலாம். இரண்டையும் அளக்கப் பெரிதும் பயன்படுவது உளவியலறிஞர் டேவிட் மார்க்ஸ் 1973இல் அமைத்த வினாநிரல். உறவினர் ஒருவரின் முகம், சூரிய உதயம், பழகிய கடையின் முகப்பு, மலையும் ஏரியும் கொண்ட நிலப்பரப்பு ஆகியவற்றைச் சார்ந்த 16 வினாக்களுக்குத் தெளிவின் அளவை ஒன்று முதல் ஐந்து வரை குறிக்க வேண்டும். இத்தகைய அளவீட்டைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனக்காட்சி அறவே இல்லாதவர் 0.8 விழுக்காடு என்றும், மிக மங்கலாக உடையவரையும் சேர்த்தால் 3.9 விழுக்காடு என்றும் கணித்தது.

ஆளைக் குறிக்கும்போது ‘மனக்காட்சி இல்லாதவர்’ என்று பிரித்து எழுதுவது தெளிவு. ‘மனக்காட்சியின்மை உடையவர்’ என்பது இலக்கணப் பிழை அன்று எனினும் செயற்கையாக ஒலிக்கிறது. மருத்துவக் கட்டுரைகளில் முதல் இடத்தில் மட்டும் ‘மனக்காட்சியின்மை எனப்படும் அஃபான்டேசியா’ என்று இரண்டையும் சேர்த்துத் தந்து, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம்.