ஒளிர்வது புரதமா, ஆன்டிபாடியா?

கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயல்களுக்கு ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினார்கள். மின்விலாங்கு மீனின் மின்னுறுப்பிலிருந்து பிரித்தெடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பி அது. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம். முயலின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும், இரத்தத்திலிருந்து அதைப் பிரித்துக்கொண்டால் ஏற்பியை ஆராய நல்ல கருவி கிடைக்கும் என்பது கணக்கு. ஆன்டிபாடி கிடைத்தது. ஆனால் முயல்கள் தசை தளர்ந்து சுருண்டு விழுந்தன. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய்க்குக் கொடுக்கும் வகை மருந்தைச் செலுத்தியதும் அவற்றுக்குத் தெம்பு திரும்பியது. 1973-ல் வெளியான அந்த ஆய்வுதான் மயஸ்தீனியாவின் காரணத்துக்கு வழிகாட்டியது.

மீனின் புரதத்துக்காக உருவான ஆன்டிபாடி முயலின் சொந்த ஏற்பியையும் போய்ப் பிடித்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடிக்குப் புரதத்தின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. புரதத்தின் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சிறு மேடுபள்ளம்தான் அதற்கு அடையாளம். அந்த வடிவம் எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். மூளை ஆராய்ச்சியில் இதைவிடப் பயன்பட்ட கருவி குறைவு. இதைப் போல ஆளை ஏமாற்றிய கருவியும் குறைவு.

இது ஏன் தேவைப்படுகிறது? ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கொடுக்கும் இடம் சினாப்ஸ். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அந்தப் பக்கம் வேதிப்பொருளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள், ஒவ்வொன்றும் 40 நானோமீட்டர் அளவில். இந்தப் பக்கம் ஏற்பிகளும் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இவை எதற்கும் நிறம் கிடையாது. மூளையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் மங்கலாக ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒளிரும் சாயம் பூசிய ஆன்டிபாடிதான் விரல் நீட்டிக் காட்டும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வட்டமான சின்னக் கண்ணாடித் துண்டின்மேல் எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் நரம்பணுக்களை மூன்று வாரம் வளர்க்கிறோம். ஃபார்மால்டிஹைடு ஊற்றி அவற்றை அப்படியே உறைய வைக்கிறோம். சோப்பு போன்ற ஒரு திரவத்தால் சவ்வில் ஓட்டை போட்ட பிறகு முதல் ஆன்டிபாடிகள். முயலில் உருவானது சினாப்சின் புரதத்தைத் தேடும், சுண்டெலியில் உருவானது பிஎஸ்டி-95 புரதத்தைத் தேடும். ஓர் இரவு குளிர்பெட்டியில், 4 டிகிரியில். மறுநாள் காலை மூன்று முறை கழுவிவிட்டு இரண்டாம் ஆன்டிபாடிகள். இவை பெரும்பாலும் ஆட்டிலோ கழுதையிலோ உருவானவை. ஒன்று முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும், பச்சைச் சாயம். மற்றொன்று சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும், சிவப்புச் சாயம். முதல் ஆன்டிபாடி ஒன்றின்மேல் இரண்டாவது பல வந்து உட்காருவதால் வெளிச்சம் கூடுகிறது.

இருட்டறையில் நுண்ணோக்கியைக் குவித்தால், கார்த்திகையன்று மதிலில் அகல் வரிசை வைத்ததுபோல, நரம்பணுவின் கிளை நெடுகப் புள்ளிகள். ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு பச்சை. பச்சை செய்தி கொடுப்பவரின் பக்கம், சிவப்பு வாங்குபவரின் பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒரு சினாப்ஸ். முதல் தடவை இதைப் பார்த்தபோது கண்ணை எடுக்க மனமே வரவில்லை எனக்கு.

இன்னும் அழகான உத்தி ஒன்று உண்டு. சினாப்டோடாக்மின் என்ற புரதம் நுண்பையின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதன் ஒரு முனை பைக்கு உள்ளே மறைந்திருக்கும். நரம்பணு செய்தி அனுப்பும்போது பை வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கிறது. சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுவதுபோல, உள்ளே இருந்த முனை அப்போது வெளியே வருகிறது. அந்த முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உயிருள்ள நரம்பணுக்களைச் சுற்றியுள்ள திரவத்தில் விட்டுவைத்தால், வெளியே வந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நரம்பணு பையை மீண்டும் உள்ளிழுக்கும்போது ஆன்டிபாடியும் கூடவே போய்விடும். அந்த நேரத்தில் வேலை செய்த சினாப்ஸ் ஒளிரும், சும்மா இருந்தது இருட்டாகவே இருக்கும். 1992-ல் வெளிவந்த இந்த முறை இன்றும் ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது.

ஆன்டிபாடியின் உருவமே ஒரு தொல்லை. அதன் நீளம் சுமார் 10 நானோமீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஏறினால், சாயம் உட்காரும் இடம் உண்மையான புரதத்திலிருந்து ஏறக்குறைய சினாப்ஸ் இடைவெளி அளவுக்கே தள்ளிப்போய்விடும். சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது என்பதால் முன்பு இது பெரிதாகத் தெரியவில்லை. மீநுண்ணோக்கிகள் வந்ததும் தெரிந்தது. 2010-ல் ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஜுவாங்கின் குழு, பஸூன் என்ற நீண்ட புரதத்தின் இரு முனைகளுக்கும் தனித்தனி ஆன்டிபாடி போட்டு, அது சினாப்ஸில் எந்த முனையைச் சவ்வுப் பக்கம் வைத்து நிற்கிறது என்றே காட்டிவிட்டது. இப்போது ஒட்டகக் குடும்ப விலங்குகளிடம் காணும் தனிவகை ஆன்டிபாடியிலிருந்து எடுக்கும் நானோபாடிகள் பரவி வருகின்றன. எடையில் வழக்கமானதில் பத்தில் ஒரு பங்கு. இடுக்கிலும் நுழையும்.

நுழைவது அத்தனை முக்கியமா என்றால், ஆம். வாங்கும் பக்கத்துச் சினாப்ஸ் புரதங்கள் நெரிசலாக நிற்பவை. ஃபார்மால்டிஹைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் ஆன்டிபாடி உள்ளே போகவே முடியாது. புரதம் அங்கேதான் குவிந்திருக்கும், படத்தில் அந்த இடம் காலியாகத் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மசாஹிகோ வதனபேயின் குழு, செரிமான நொதியான பெப்சினால் திசுவை லேசாகக் கரைத்துப் பார்த்தது. மறைந்திருந்த ஏற்பிகள் வெளியே வந்தன.

ஜெஃபிரின் கதை இதைவிடப் பாடமானது. தடுப்புச் செய்தி கொடுக்கும் சினாப்ஸ்களில் ஏற்பிகளை நங்கூரம் போட்டு நிறுத்தும் புரதம் அது. அதைக் காண 1980-களில் உருவான எம்ஏபி-7ஏ என்ற ஆன்டிபாடியைப் பல ஆய்வகங்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தின. 2012-ல் தெரிந்தது, அது ஜெஃபிரினின் 270-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் பிடிக்கும் என்று. அப்படியானால் புள்ளிகள் மங்கியபோது ஜெஃபிரின் குறைந்ததா, அல்லது பாஸ்பேட் மட்டும் கழன்றதா? பழைய படங்களை எல்லாம் இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்கும் ஓர் அனுபவம். சுண்டெலி மூளைத் துண்டில் சுண்டெலி ஆன்டிபாடியைப் போட்டு இரண்டு வாரம் படம் எடுத்தேன். பிறகு முதல் ஆன்டிபாடியே ஊற்றாத ஒரு துண்டையும் வைத்துப் பார்த்தால், அதுவும் அதே இடங்களில் ஒளிர்ந்தது. இரண்டாம் ஆன்டிபாடி, திசுவின் இரத்தக்குழாய்களில் இயல்பாகவே இருந்த சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடித்திருக்கிறது. இரண்டு வாரப் படங்களையும் ஒதுக்கினேன். அன்றிலிருந்து முதலில் வைப்பது வெற்றுத் துண்டுதான்.

ஆனால் வெற்றுத் துண்டு இரண்டாம் ஆன்டிபாடியைத்தான் சோதிக்கும். முதல் ஆன்டிபாடியைச் சோதிக்க, தேடும் புரதத்தின் மரபணுவையே நீக்கிய எலியோ செல்லோ வேண்டும். அங்கேயும் ஒளிர்ந்தால் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று, நரம்பியலோடு தொடர்புடைய 65 புரதங்களுக்காக விற்பனையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை இப்படிச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. தோற்ற ஆன்டிபாடிகளை வைத்து வெளியான கட்டுரைகளை எண்ணினால் சராசரியாக ஒரு புரதத்துக்குச் சுமார் 12. அதன்பின் விற்பனையாளர்கள் தோற்றவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெற்றார்கள், பலவற்றுக்கான பரிந்துரையை மாற்றினார்கள். மரபணு நீக்கிய சோதனை இல்லாத படத்தை, எத்தனை அழகாக இருந்தாலும், நான் முழுதாக நம்புவதில்லை.

இதே சோதனை மருத்துவமனைக்கும் வந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டல்மாவ் 2007-ல் 12 பெண்களைப் பற்றி எழுதினார். திடீரென்று மனநிலை பிறழ்வு, வலிப்பு, நினைவிழப்பு. பெரும்பாலோருக்குச் சூலகத்தில் கட்டி. அந்த முயல்களுக்கு நேர்ந்ததுபோலவே, அவர்களுடைய உடலே சினாப்ஸில் உள்ள என்எம்டிஏ ஏற்பிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்திருந்தது. இன்று இந்த நோயைக் கண்டறிய நோயாளியின் முதுகுத்தண்டு நீரே முதல் ஆன்டிபாடியாகிறது. கண்ணாடித் தகட்டில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் இந்த ஏற்பியைத் தயாரிக்கும்படி மாற்றிய செல்கள், பக்கத்துக் கட்டத்தில் அதே செல்கள், ஏற்பி இல்லாமல். இரண்டின் மீதும் நீரை விட்டு, கழுவி, சாயம் ஏறிய இரண்டாம் ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். முதல் கட்டம் பச்சையாக ஒளிர்ந்து, பக்கத்துக் கட்டம் இருண்டே இருந்தால், மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.