சாப்பிட ஆரம்பித்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பெங்களூரில் நாய் வளர்க்கும் வீடுகளில் டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல், என்ற பேச்சு அடிபடாத வீடு குறைவு. கடுங்குளிரும் இல்லாமல் கொளுத்தும் வெயிலும் இல்லாமல் நமக்குச் சுகமாக இருக்கிற ஊர், உண்ணிக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பெருகும். பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் கலக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டு நகர்வது எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். ரத்தக் கசிவை அடைக்கும் பிளேட்லெட் அணுக்கள் சரியும். மைக்ரோலிட்டருக்கு 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, 20,000க்கும் கீழே போய்விட்ட நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், விலையும் அதிகமில்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் நாய் எழுந்து வாலாட்டும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். மாத்திரையை 28 நாள் கொடுக்க வேண்டும். நாய் ஐந்தாம் நாளே பழையபடி கேட்டுக்கு ஓடிப்போய்க் குரைக்கிறது. மர்பி டவுனில் ஒரு லாப்ரடார் வீட்டுக்காரம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நல்லாத்தான் இருந்துச்சு மேடம், மாத்திரை சூடாச்சே, எதுக்கு வீணா குடுக்கணும்னு விட்டுட்டோம்." சில மாதம் கழித்து மூக்கில் ரத்தம் ஒழுக அந்த நாயைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் போனாலும் கிருமி மண்ணீரலில் பதுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருஷக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிட்டால், முதலில் சுலபமாகக் கேட்ட அதே மருந்து அப்போது அவ்வளவாகக் கேட்காது.

மாத்திரை கொடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எந்த மாத்திரையும் தயிர்சாத உருண்டைக்குள்தான் போகும். பால், தயிரில் உள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துவைத்து, உடம்பில் சேரும் அளவைக் குறைக்கிறது. இட்லித் துண்டிலோ வேகவைத்த சிக்கனிலோ பொதிந்து கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், வாந்தி வரும். ரத்தம் ஊற என்று இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மாத்திரையின் வேலை கெடும்.

டெங்கு வந்த வீட்டில் பப்பாளி இலைச் சாறு பழகிவிட்டதால் நாய்க்கும் அரைக்கிறார்கள். சாறு பிளேட்லெட்டை ஏற்றுமா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. சோர்ந்து கிடக்கிற நாயின் வாயைப் பிடித்துக் கசப்பை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். என் பயம் அதுதான். கஞ்சியாக இருந்தாலும் இதே கதைதான். தானாக நக்கிக் குடித்தால் சரி. சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும், அதற்கே சில நாய்கள் எழுந்து வரும். சாம்பார் சாதம் மட்டும் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய் தாங்காது.

அப்புறம் காய்ச்சல். காதைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாயின் உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள், நீங்களாக மாத்திரை தேட வேண்டாம். பாராசிட்டமால் ஈரலையும் ரத்தத்தையும் பாதிக்கக்கூடியது. ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் இன்னும் மோசம். வயிற்றில் புண் வந்து, பிளேட்லெட் இல்லாத நாய்க்கு அங்கேயே ரத்தம் கசியத் தொடங்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல பரிசோதனை ஒன்று இருக்கிறது. காலையும் மாலையும் வெளிச்சத்தில் நிறுத்தி மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். (கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்துப் பார்க்கலாம்.) விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறிலோ, முடியில்லாத அடிவயிற்றிலோ குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தோலுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ போனாலும், மலம் தார் மாதிரி கறுத்தாலும், சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். காப்பி நிறம் என்றால் பெபிசியா என்ற இன்னொரு உண்ணி நோயும் சேர்ந்திருக்கலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. பிளேட்லெட் ஏறும்வரை சோபாவிலிருந்து குதிப்பது, பக்கத்து வீட்டு நாயோடு உருண்டு விளையாடுவது எல்லாம் தள்ளிவைக்க வேண்டியவை.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான நாய் ஒன்று வேண்டும். தெரிந்தவர் வீட்டில் அப்படி எந்த நாய் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். முதல் முறை ஏற்றும்போது வேறு நாயின் ரத்தம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரண்டாம் முறை என்றால் பொருத்தம் பார்க்காமல் ஏற்றவே கூடாது. செலவுக்குத் தவிக்கிறவர்கள் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்புங்கள்.

நாயின் மேல் தெரிகிற உண்ணியை மட்டும் எடுத்தால் தீராது. ரத்தம் குடித்த பெண் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த இடங்களை வாக்குவம் பிடித்துச் சுத்தம் செய்யுங்கள். நாய்க்கு டாக்டர் சொன்ன உண்ணி மாத்திரையோ சொட்டு மருந்தோ தவறாமல் போகட்டும். கற்பூரம் கரைத்த எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டாம். நாய் அதை நக்கும், கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

28 நாள் முடிந்தபின் பிளேட்லெட்டைத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் ஸ்ட்ரிப் ரத்தப் பரிசோதனை அப்போதும் பாசிட்டிவ் என்றே காட்டினால் பதற வேண்டாம். அது பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் போனபிறகும் அது மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அந்த ஸ்ட்ரிப்பை மட்டும் பார்த்து இன்னொரு 28 நாள் மாத்திரையைத் தொடங்காமல், ரத்த எண்ணிக்கைத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.