பெட்டி மேல் உள்ள பெயரை நம்பாதீர்கள்: பழைய பிரிட்டிஷ் பைக்குகளுக்கு உதிரிபாகம் வாங்குவது எப்படி

பி.எஸ்.ஏ. ஏ10 ஒன்றுக்கு பெட்ரோல் டேப் (டேங்க்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கடையில் ஐந்து விலை சொல்வார்கள். ஐந்தையும் வாங்கிப் பிரித்தால், பல சமயம் உள்ளே இருப்பது ஒரே டேப்தான். ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வந்த ஒரே வார்ப்பு. மேலே ஒட்டிய லேபிள் மட்டும் வேறு. பழைய பிரிட்டிஷ் பைக்கு வைத்திருப்பவர்கள் பணத்தையும் சில சமயம் எலும்பையும் இழப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த நிலை வந்ததற்கு வரலாறு காரணம். வின்சென்ட் 1955-லேயே பைக் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இங்கிலாந்து ராயல் என்ஃபீல்ட் 1970-லும் வெலோசெட் 1971-லும் மூடின. பி.எஸ்.ஏ. 1973-ல் நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃபுக்குள் கரைந்தது. ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலை 1983-ல் கதவடைத்தது. இவர்களுக்கு பிஸ்டன், கார்புரேட்டர், மேக்னெட்டோ, மீட்டர் செய்து கொடுத்த நிறுவனங்களில் பலவும் போய்விட்டன. பெயர்கள் மட்டும் கைமாறி வாழ்கின்றன. ஆகவே பெட்டியில் அச்சடித்த பெயர், அந்த வர்த்தகப் பெயர் இன்று யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பாகத்தைச் செய்தவர் யார் என்று சொல்லாது.

அதனால் விலை கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதைச் செய்தது யார்? எதைப் பார்த்துச் செய்தார்கள், தொழிற்சாலை வரைபடத்தையா, தேய்ந்த பழைய பாகத்தையா? தேய்ந்த பாகத்தை அளந்து நகல் எடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். நல்ல சப்ளையருக்கு இந்தக் கேள்வி கோபம் தராது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். "ஒரிஜினல் குவாலிட்டி சார்" என்று மட்டும் சொல்பவருக்குப் பதில் தெரியாது என்று பொருள்.

எல்லா மாடலுக்கும் எல்லாப் பாகமும் விற்கும் கடையைவிட ஒரே பிராண்டை வைத்துப் பிழைக்கும் கடை மேல். நார்ட்டன் கமாண்டோவுக்குத் தொழிற்சாலை வரைபடங்களின்படி பாகம் செய்வது ஆண்டோவர் நார்ட்டன். அமால் கார்புரேட்டரை இன்று தயாரிப்பது சால்ஸ்பரியில் உள்ள பர்லன். என்ஃபீல்டுக்கு ஹிட்ச்காக்ஸ். வின்சென்ட் வைத்திருப்பவர்கள் 1975-ல் தங்கள் சங்கத்திலிருந்தே ஓர் உதிரிபாக நிறுவனம் தொடங்கினார்கள். பாகம் சரியில்லை என்றால் அடிபடுவது அவர்களுடைய வண்டியேதான். அந்த அக்கறைக்கு ஈடு கிடையாது. உங்கள் வண்டிக்கு உரிமையாளர் சங்கம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

இனி மரை. பழைய பிரிட்டிஷ் வண்டியில் தப்பான பாகம் அதிகம் சேதம் செய்யும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 5/16 அங்குல போல்ட் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மரை என்றால் ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) என்றால் 22. யு.என்.எஃப். (ஒருங்கிணைந்த அங்குல நுண்மரை) 24. விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் பெருமரை) 18. கண்ணுக்கு நான்கும் ஒன்று. 1/4 அங்குலத்தில் இன்னும் மோசம்: சைக்கிள் மரையும் பி.எஸ்.எஃப்.-உம் இரண்டுமே 26 சுற்று. ஆனால் முன்னதன் மரைக்கோணம் 60 டிகிரி, பின்னதற்கு 55. கையாலேயே நட்டு ஏறிவிடும், இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். உண்மையில் மரையின் ஓரம் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அதிர்வில் கழன்று விழும், இல்லையென்றால் அலுமினிய கேஸின் மரையை வழித்துக்கொண்டு வரும். 1960-களின் பிற்பாதியிலிருந்து தொழிற்சாலைகள் படிப்படியாக யு.என்.எஃப்.-க்கு மாறியதால், அந்தக் காலத்து வண்டி ஒன்றிலேயே இரண்டு வகையும் கலந்திருக்கும். மரை கேஜ் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் தனித்தனித் தகடுகள் உள்ள செட்டாக அது இருக்கவேண்டும்.

முதலில் சொன்ன பெட்ரோல் டேப்புக்கு 1/4 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை: ஓர் அங்குலத்துக்கு 19 சுற்று, வெளிவிட்டம் 13.16 மி.மீ. மெட்ரிக் மரை உள்ள டேப்பை டெஃப்ளான் நாடா சுற்றி முறுக்கி ஏற்றினால் டேங்க்கின் மரை போய்விடும். பிறகு டேங்க்கில் வெல்டிங் வைக்க வேண்டிவரும். பல வருடம் பெட்ரோல் நின்ற டேங்க்கில் அந்த வேலை உயிருக்கே ஆபத்து.

ஸ்டெயின்லெஸ் போல்ட் செட்டுகள் பளபளவென்று வரும். சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ், தொழிற்சாலை போட்ட ஹைடென்சில் எஃகைவிடப் பலம் குறைந்தது. மட்கார்டு, நம்பர் பிளேட், டூல் பாக்ஸ் வரைக்கும் போடலாம். பிரேக் ஆங்கர், வீல் ஸ்பிண்டில், கனெக்டிங் ராடு பக்கம் கொண்டுபோகாதீர்கள். எந்த கிரேடு என்று எழுத்தில் சொல்லாத செட்டை வாங்கவே வேண்டாம்.

பேரிங்குக்கு வின்டேஜ் கடையே தேவையில்லை. அதன் நம்பரையும் அளவையும் படித்துவிட்டு, பேரிங் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் போங்கள். கமாண்டோவின் பிற்கால கிராங்க் பேரிங் 30 × 72 × 19 மி.மீ., என்.ஜே.306இ; எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கும். போலி பேரிங் சந்தையில் ஏராளம் என்பதால் தெருமுனைக் கடை வேண்டாம். கமாண்டோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கியர்பாக்ஸில் லேஷாஃப்ட் என்ற துணைத்தண்டைத் தாங்கும் 6203 பால் பேரிங் உடைவது பரவலாகத் தெரிந்த குறை. கிக்ஸ்டார்ட் லீவர் ஓட்டும்போது தானாக இறங்குவது அதன் முன்னறிவிப்பு. கண்டுகொள்ளாமல் விட்டால் கியர்பாக்ஸ் இறுகிப் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். அதே 17 × 40 × 12 மி.மீ. அளவில் என்.ஜே.203 ரோலர் பேரிங் போட்டு, லேஷாஃப்ட்டின் பக்க ஆட்டத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

பிஸ்டன் விஷயத்தில் ஒரே கட்டளை: பிஸ்டன் கைக்கு வரும்முன் சிலிண்டரைப் போர் அடிக்க (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்க) கொடுக்காதீர்கள். ட்ரையம்ஃப் 650-க்குப் போர் 71 மி.மீ.; ஓவர்சைஸ் அளவு மட்டும் அங்குலக் கணக்கில், பிளஸ் 20, பிளஸ் 40 என்று வரும். 20 என்றால் ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம், பட்டறையில் 20 தௌ. பெட்டியில் பிளஸ் 20 என்று இருப்பதாலேயே உள்ளே அந்த அளவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிஸ்டன் பின்னின் துளைக்குச் செங்குத்தான திசையில் ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ச்சுவரின்) அடிப்பக்கத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, பிஸ்டனோடு சேர்த்து லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். போர் பிஸ்டனுக்கேற்ப வரவேண்டும். ஃபோர்ஜ்ட் பிஸ்டன், வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியும்; பழைய மேனுவலில் உள்ள இடைவெளியை அதற்குக் கொடுத்தால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என்ன இடைவெளி என்று பிஸ்டனைச் செய்தவர்தான் சொல்லவேண்டும். அந்தத் தாள் இல்லாத பிஸ்டனைத் திருப்பி அனுப்புங்கள்.

அதே 71 மி.மீ.-ல் ட்ரையம்ஃபின் தண்டர்பேர்டுக்கு 7:1 கம்ப்ரெஷன், பானவிலுக்கு 8.5:1 அல்லது 9:1 என்று வேறுவேறு தலை உயரம் உண்டு. வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் கம்ப்ரெஷன் என்ன வேண்டும் என்றும் சொல்லிக் கேளுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டு பிஸ்டனையும் அவற்றின் பின்னோடும் ரிங்கோடும் தராசில் வையுங்கள். சில கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடி சேராதது. ரிங்கைப் போருக்குள் சமமாக இறக்கி வாய் இடைவெளியைப் பாருங்கள். இந்த அளவுப் போருக்கு 10 முதல் 14 தௌ இருந்தால் சரி.

ஸ்ப்ராக்கெட், டேப்பெட், கேம் போன்றவற்றில் கேள்வியே உலோகத்தின் கடினம்தான். நகல் பாகங்களில் அளவு கச்சிதமாக இருந்து ஹார்டனிங் இல்லாமல் வருவது வழக்கம். சில நூறு மைலில் டேப்பெட் முகம் குழிந்து, இரும்புத்தூள் ஆயிலோடு சேர்ந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். புது அரம் ஒன்றை எடுத்து, வேலை செய்யாத ஓர் ஓரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. கவ்விப் பொடி உதிர்ந்தால் அந்த பாகம் வேண்டாம்.

அமால் கார்புரேட்டருக்கு வருவோம். பழைய கான்சென்ட்ரிக் மாடலில் உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலப்பு உலோக வார்ப்பு. ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் வேகமாகத் தேயும். ஐட்லிங் ஒரு நாளும் நிலைக்காது. இன்றைய அமாலில் ஹார்ட் அனோடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடும், எத்தனால் பெட்ரோலைத் தாங்கும் ஃப்ளோட்டும் கிடைக்கின்றன. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே இ10 (10 சதவீத எத்தனால்), இந்தியாவில் இ20. எந்த எத்தனால் அளவு வரை தாங்கும் என்று ஃப்ளோட், ஹோஸ், டேங்க் சீலர் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கார்புரேட்டர் புதியதாக இருந்தும் ஐட்லிங் வரவில்லை என்று கடைக்காரரைத் திட்டும் முன் இரண்டைச் சரிபாருங்கள். கான்சென்ட்ரிக்கின் உள்ளே ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் துளை வெறும் 16 தௌ, தலைமுடியைவிடச் சில மடங்குதான் பெரிது. டேங்க் துரு ஒரு துணுக்கு போதும் அடைக்க. அடுத்து ஃபிளாஞ்ச், கார்புரேட்டரை எஞ்சினோடு பிணைக்கும் தட்டு. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அது வில்லாக வளையும். இரும்பு ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால் நடுவில் இடைவெளி தெரியும். அந்த வழியாகத்தான் காற்று நுழைகிறது.

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோவை ரீவைண்ட் செய்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது கம்பியைவிடக் கண்டென்சரைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். அது ஆர்மேச்சருக்குள்ளேயே இருக்கிறது. போனால் மொத்தத்தையும் பிரிக்கவேண்டும். குளிர்ந்த எஞ்சின் ஒரே உதையில் கிளம்பி, இருபது நிமிடம் ஓடியபின் இருமி நின்று, ஆறும்வரை கிளம்பாமல் அடம்பிடிக்கிறதா? முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். என்ன கண்டென்சர் போடுகிறீர்கள், சூடேற்றிச் சோதிக்கிறீர்களா, எத்தனை வருட உத்தரவாதம்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

பயன்படுத்தாத பழைய ஸ்டாக் என்றால் பலருக்கும் கண் விரியும். கியர், ஸ்பிண்டில், மூடி போன்ற உலோகத்துக்கு அது சரி. ரப்பர், ஆயில் சீல், கண்டென்சர் போன்றவை பெட்டிக்குள்ளேயே வயதாகி இறந்திருக்கும். பழைய ஸ்டாக் பிரேக் ஷூவிலும் சில கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரிட்டன் 1999-ல் அதை முழுவதும் தடைசெய்தது. அதற்கு முன் பெட்டியில் போனது இன்றும் விற்பனைக்கு வருகிறது. அத்தகைய லைனிங்கை அரம் போடுவதோ உப்புத்தாளில் தேய்ப்பதோ ஏர் அடிப்பதோ கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் ஒட்டித் தரும் இடத்துக்கு ஷூவை அனுப்பிவிடுங்கள்.

என்ஃபீல்ட் புல்லட் மட்டும் தனிக் கதை. 1955-ல் மதராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, பின் திருவொற்றியூரில் தயாரிப்பு பல பத்தாண்டு தொடர்ந்ததால், இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த 350-க்கு வேண்டியதில் கணிசமான பங்கு இன்றும் சென்னையில் மலிவாகக் கிடைக்கும். 70 × 90 மி.மீ. என்ற அடிப்படை அளவும் ஒன்றுதான். ஆனால் மதராஸ், 1950-களின் நடுவில் இருந்த வடிவத்தை ஒட்டியே நின்றது. ரெட்டிச் அதன்பின்னும் மாற்றிக்கொண்டே போனது. அதனால் 1950-களின் பிற்பாதி ஆங்கில வண்டியை வைத்துக்கொண்டு புதுப்பேட்டையில் "புல்லட் பார்ட்" என்று மட்டும் கேட்டால் போதாது. பழைய பாகத்தையும் வெர்னியரையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது எஞ்சின் நம்பர், ஃபிரேம் நம்பர், பார்ட் நம்பர் மூன்றையும் எழுதுங்கள். எஞ்சினும் ஃபிரேமும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்து சேர்ந்திருப்பது சாதாரணம். பி.எஸ்.ஏ. பார்ட் நம்பரின் முன்பகுதி அது எந்தக் குடும்பத்துப் பாகம் என்று சொல்லும்: 67 என்றால் ஏ7, ஏ10; 68 என்றால் ஏ50, ஏ65; 90 என்றால் பேன்டம். ட்ரையம்ஃபில் பழைய இ எழுத்து பின்னாளில் 70 ஆனது; இ1606-உம் 70-1606-உம் ஒன்றே. இதைச் சொன்னதும் புரிந்துகொள்ளாத விற்பனையாளரிடம் எஞ்சின் உள்பாகம் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பிரிட்டனின் 20 சதவீத வாட் வரி ஏற்றுமதிக்குக் கிடையாது. பில்லில் கழித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆர்டர் சிறியதாக இருக்கட்டும். கேஸ்கட் செட்டும் ஒரு கிளட்ச் கேபிளும் போதும். கேபிளின் நிப்பிள் ஈயம் உள்வரை ஓடியிருக்கிறதா, கேஸ்கட்டின் ஆயில் துளை சிலிண்டரின் துளையோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே கடையின் தரம் தெரிந்துவிடும். பொருத்திய பாகத்தைப் பெரும்பாலும் யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். அளப்பதெல்லாம் பொருத்தும் முன் நடக்கவேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தைப் புதியது ஆயிரம் மைல் ஓடி முடிக்கும்வரை எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு, எந்த வண்டி, எந்தப் பக்கம், என்ன அளவு என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை சப்ளையர் "பழையதன் அளவு என்ன?" என்று கேட்டால் எடுத்துச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.